ஃபின் அகலத்தைக் குறைத்தும் த்ரெஷோல்ட் ஏறவில்லை, ஏன்?

கேள்வி: 20 நானோமீட்டர் கேட் நீளமுள்ள ஃபின்ஃபெட்டை (துடுப்புபோல நிற்கும் மெல்லிய சிலிக்கான் ஃபினை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேட் சூழ்ந்திருக்கும் டிரான்சிஸ்டர்) டிரிஃப்ட்-டிஃப்யூஷன் மாடலில் (மின்புலத்தாலும் பரவலாலும் எலக்ட்ரான்கள் நகர்வதைக் கணக்கிடும் கணினி மாடல்) ஓட்டுகிறேன். ஃபின் அகலம் குறையக் குறைய கசிவு குறைகிறது, சரி. ஆனால் 4 நானோமீட்டரிலும் த்ரெஷோல்ட் வோல்டேஜ் (டிரான்சிஸ்டர் ஆன் ஆகத் தேவையான கேட் வோல்டேஜ்) பெரிதாக ஏறவில்லையே?

பதில் 1: அந்த மாடலுக்குக் குவாண்டம் விளைவு தெரியாது. அவ்வளவு குறுகிய சிலிக்கானில் எலக்ட்ரான் அடைபடும்போது அதன் அடிமட்ட ஆற்றல் ஏறத்தாழ அகலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் உயரும், த்ரெஷோல்டும் கூடவே ஏறும். குவாண்டம் விளைவைத் தோராயமாகச் சேர்க்கும் டென்சிட்டி கிரேடியன்ட் திருத்தத்தைச் சேருங்கள், முடிந்தால் அதை நேரடியாகக் கணக்கிடும் ஷ்ரோடிங்கர்-பாய்சான் தீர்வோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

பதில் 2: வடிவத்தையும் பாருங்க. நிஜ ஃபின் பெரும்பாலும் அடி அகன்று மேலே குறுகியிருக்கும், அகன்ற அடியில் கேட்டின் பிடி தளர்வதால் கசிவு அங்கேதான் அதிகம். செவ்வகமாக வரைந்தால் இது தெரியவே தெரியாது.

கேட்டவர்: அப்போ ஃபினின் விளிம்புச் சொரசொரப்பை மாடலில் எப்படிக் கொடுப்பது?

பதில் 2: ஆர்எம்எஸ் அளவு (விளிம்பு சராசரியாக எவ்வளவு விலகுகிறது) மட்டும் போதாது, கோரிலேஷன் நீளமும் (அந்த மேடுபள்ளம் எவ்வளவு தூரத்துக்குத் தொடர்புடையதாக இருக்கிறது) கொடுக்கணும்.