துப்புத் துலங்காத பழைய வழக்கு: பாட்காஸ்ட் வேலையை எங்கே தொடங்குவது?

ஒலிநாடா:
30 வருடத்துக்கு முந்தைய கொலை வழக்கு. 8 எபிசோட் திட்டம். பத்திரிகை நறுக்குகள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. குடும்பத்தாரின் பேட்டியோடு தொடங்கி, வாரம் ஒரு எபிசோட் வெளியிட்டபடியே மற்ற சாட்சிகளைத் தேடலாமா?

கேஸ்கட்டு:
வேண்டாம். நறுக்குகளையும் இப்போதைக்கு ஓரம் வையுங்கள். ஒரு பத்திரிகை செய்த தவறைப் பார்த்து மற்றவையும் எழுதியிருக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் வாக்குமூலங்கள், நீதிமன்றப் பதிவுகள்: இவற்றில் கிடைப்பதை வைத்து அட்டவணை போடுங்கள். நேரம், சொன்னவர், பக்க எண், அதை உறுதிசெய்யும் வேறு சான்று. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளில்தான் உங்கள் வேலையே இருக்கிறது.

முகப்புத் தாள்களையும் தள்ளிவிடாதீர்கள். 2014இல் 'சீரியல்' என்ற பாட்காஸ்ட் எடுத்துக்கொண்ட, அமெரிக்காவின் பால்டிமோர் கொலை வழக்கில் செல்போன் டவர் பதிவு முக்கியச் சான்று. உள்வரும் அழைப்பை வைத்து இருப்பிடத்தைச் சொல்ல முடியாது என்று போன் கம்பெனியே ஃபேக்ஸ் முகப்பில் அச்சிட்டிருந்தது. 'அன்டிஸ்க்ளோஸ்ட்' பாட்காஸ்டை நடத்திய வழக்கறிஞர் ஒருவர் 2015இல் அதைக் கவனித்தார். அந்த ஒரு தாளை வைத்து 2016இல் நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். மேல்நீதிமன்றம் பிறகு அதை ஏற்கவில்லை.

சாட்சிக்கூண்டு:
எல்லாப் பேட்டிகளும் முடிந்த பிறகே முதல் எபிசோட். ஒலிபரப்பைக் கேட்டுவிட்ட சாட்சிக்குத் தான் பார்த்தது எது, காதில் விழுந்தது எது என்று பிரிக்க வராது. பொய் சொல்லும் எண்ணமே இருக்க வேண்டியதில்லை, நினைவின் சுபாவம் அது. எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கைவைப்பார். 1982இல் காணாமல்போன ஆஸ்திரேலியப் பெண்ணைப் பற்றிய 'தி டீச்சர்ஸ் பெட்' பாட்காஸ்ட் 2018இல் வந்தது. கணவர் கைதான பின், விசாரணை கெடக்கூடாதென்று 2019இல் அந்நாட்டில் அதை நீக்கினார்கள். ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டுமே விசாரித்து 2022இல்தான் தீர்ப்பு வந்தது.

பேட்டியில் "அன்று நடந்ததைச் சொல்லுங்கள்" என்று விட்டுவிடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். கேள்வியில் நீங்களாக யார் பெயரையும் நுழைக்காதீர்கள். படங்கள், பிறர் வாக்குமூலம் எல்லாம் கடைசியில்தான்.

ஒலிநாடா:
நன்றி. மூலப் பதிவுகளை எப்படி வைத்துக்கொள்வது?

வெட்டாதநாடா:
48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், சுருக்காத வேவ் (WAV) கோப்பு. 3 பிரதி, ஒன்று வேறு கட்டடத்தில். பதிவு முடிந்ததுமே ஹாஷ் மதிப்பை (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் குறியீட்டை) குறித்துக்கொண்டால், வெட்டி ஒட்டியது என்று யாரும் சொல்லும்போது காட்டலாம். ஒவ்வொரு அறையிலும் 1 நிமிடம் பேச்சில்லாமல் பதியுங்கள், எடிட்டிங்கில் ஒட்டு தெரியாமலிருக்க அது வேண்டும்.

இன்னொன்று. காயத்தின் விவரம், காணாமல்போன பொருள் போல கொலையாளிக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய எதையும் ஒலிபரப்பாதீர்கள். நாளை ஒருவர் ஒப்புக்கொண்டு வந்தால், அவர் சொல்வது நிஜமா என்று காவல்துறை உரசிப் பார்ப்பது அதை வைத்துத்தான்.