ஈறுகளுக்கு அல்ட்ராசவுண்ட்: படிவத்தில் என்ன எழுதுவது?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்காக, நோயாளிகள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஈறு நோயை வழக்கமாக அளவு குறித்த மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விட்டுத்தான் அளக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பை என்கிறார்கள். அதன் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை சரி, 4 ஆகிவிட்டால் கவனிக்க வேண்டும். வலிக்கும், ரத்தம் கசியும், அழுத்துகிற கையைப் பொறுத்து அளவும் மாறும். அதனால் ஈறுகளின்மேல் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் படம் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். "ஈற்று மீயொலிப் படிமம்" என்று போட்டிருக்கிறேன். சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
புணர்ச்சி சரிதான் அம்மா. ஆறு ஆற்றுப்பாலம் ஆவதுபோல ஈறும் ஈற்று ஆகும். ஆனால் ஈற்று என்றால் படித்தவனுக்கு ஈற்றடி, ஈற்றெழுத்துதான் நினைவுக்கு வரும். அதைவிட வம்பு, ஈனுவதும் ஈற்று. தலையீற்றுப் பசு என்கிறோமே! ஸ்கேன் என்றாலே வயிற்றுப் பிள்ளையை நினைக்கிற ஊரில் ஈற்று மீயொலி என்று எழுதினால் பிரசவ வார்டுக்குப் போய் நிற்பார்கள். பற்பசை விளம்பரக்காரன் "ஈறுகள்" என்று பன்மையிலேயே பேசித் தப்பித்துக்கொள்வதைக் கவனியுங்கள்.

"பல்முதல்" எனலாம். த, ந பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியர் "அண்ணம் நண்ணிய பல்முதல் மருங்கின்" என்றுதான் காட்டுகிறார்.

யாழ்ப்பாணத்துப் பல் மருத்துவர்:
ஐயா, பல்முதல் பல்லின் அடி. எங்களுக்கு வேண்டியது அதைச் சுற்றியுள்ள சதை. எங்கட பக்கத்தில் அதற்கு முரசு என்ற சொல் இருக்கிறது. "டொக்டர், முரசு வீங்கிப்போச்சு" என்றுதான் நோயாளர் வருவார்கள். "முரசு" என்று போட்டால் புணர்ச்சித் தொல்லை, பிரசவத் தொல்லை இரண்டும் இல்லை.

தமிழாசிரியர்:
அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே முரசு என்றால் புறநானூறு 50. மோசிகீரனார் முரசுகட்டிலில் ஏறித் தூங்க, சேரமான் வெட்டாமல் விசிறிவிட்ட கதை. அதோடு ஒலியையும் சேர்த்தால் முரசொலி. படிவத்தைக் கட்சிப் பத்திரிகைக்குச் சந்தா என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஈறு தேய்ந்து இறங்குவதற்கு மட்டும் நன்னூலார் முன்கூட்டியே பெயர் வைத்துவிட்டார்: "ஈறு போதல்"! அவர் சொன்னது சொல்லின் இறுதி கெடுவதை.

இயற்பியல் ஆசிரியர்:
ஈறு இருக்கட்டும், மீயொலிக்கு வாருங்கள். பாடநூலில் 20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டது மீயொலி. ஒலியை முந்துகிற விமானத்துக்கும் மீயொலி விமானம் என்றே எழுதுகிறார்கள். அதிர்வெண் ஒன்று, வேகம் மற்றொன்று, இரண்டுக்கும் ஒரே சொல்லா? "கேளா ஒலி" என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இன்னொரு சிக்கல். பல் காரையை உடைத்தெடுக்கும் கருவியும் மீயொலிதான். அது சுமார் 25,000, 30,000 ஹெர்ட்சில் அதிர்ந்து கல்லைப் பெயர்க்கிறது. ஈறைப் படமெடுப்பது 40 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலை. அதன் அலைநீளம் 0.04 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் நுணுக்கம் தெரிகிறது. அலை ஆழத்துக்குப் போகாது, ஆனால் ஈறின் தடிமன் சில மில்லிமீட்டர்தானே. ஏற்கெனவே பல் சுத்தம் செய்து பல் கூசியவர் "மீயொலி" என்று படித்தால் எழுந்து ஓடிவிடுவார். அதனால் "படம்" என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
படமா, படிமமா?

தமிழாசிரியர்:
படிமத்தைப் புதுக்கவிதைக்காரர்களிடம் விட்டுவிடுங்கள்.

பல் மருத்துவர்:
படம்தான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், முரசின் சதை தெரியாது. இதில் சதையின் தடிப்பு, எலும்பின் மேல்விளிம்பு, டாப்ளர் இருந்தால் ரத்த ஓட்டமும் தெரியும். கதிர்வீச்சும் இல்லை. இதையெல்லாம் படிவத்தில் ஒரு வரியில் சொல்லுங்கோ, பெயர் பிறகு வரட்டும்.

2017-இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் கணவாய் மையைச் சோளமாவோடு கலந்து கொப்பளிக்கும் திரவமாக்கி, பன்றித் தாடையில் பரிசோதித்தார்கள். மையிலுள்ள மெலனின் என்ற நிறமி லேசர் ஒளியை வாங்கிச் சூடாகி விரிய, அந்த அழுத்த அலையைக் கேளா ஒலிக் கருவி பிடிக்கும். பையின் ஆழம் முழுதும் தெரியும். அதற்கும் தமிழ் வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர்:
ஒளியொலிப் படம்.

தமிழாசிரியர்:
கேட்பவர் காதில் "ஒலியொலி" என்றே விழும். ழகரத்தையே விட்டுவிட்டவர்கள் ளகரத்தையா காப்பாற்றப் போகிறார்கள்?

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, நாளை வெள்ளி. துறைத் தலைவர் நோயாளிக்குப் புரிந்தால் போதும் என்கிறார். தலைப்பில் "ஈறுகளின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்" என்று போட்டு, கீழே "காதுக்குக் கேட்காத ஒலி அலைகளால் ஈறுகளைப் படம் எடுக்கும் பரிசோதனை, இதில் பல் சுத்தம் செய்யப்படாது" என்று எழுதுகிறேன்.

இயற்பியல் ஆசிரியர்:
அடைப்புக்குள் "கேளா ஒலிப் படம்" என்றும் போட்டுவிடுங்கள். பழகட்டும்.

பல் மருத்துவர்:
சரி. இங்கே பாவிக்கும்போது நான் முரசு என்று மாற்றிக்கொள்வேன்.

தமிழாசிரியர்:
இரண்டு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு கலைச்சொல் கண்டதாகச் சொல்லாதீர்கள். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். "பல்முதற் படம்" என்பதில் என்ன குறை என்று இதுவரை யாரும் இலக்கணப்படி சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
பதிவு செய்தாயிற்று ஐயா. கடைசியாக ஒன்று: ஆழம் அளக்கிற அந்தப் பையை ஈறுப்பை என்பதா, ஈற்றுப்பை என்பதா?