‘கெடங்கென்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவது முறையா?

வேளச்சேரி வாசகன்:
நான் எழுதிய முப்பது பக்க வடிவமைப்பு ஆவணத்தின் முதல் பக்கத்தில் எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் ‘கெடங்கென்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதி நேற்றுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பக்கத்து இருக்கை நண்பர் அதைக் ‘கிடங்கு’ என்று படித்து, ஆவணத்தைக் குடோனில் போடச் சொல்கிறார் போலும் என்றார். பொருள் ஏறக்குறைய அதுவேதான் என்பது பிறகு தெரிந்தது. ஜெர்மனில் எண்ணங்களைக் குறிக்கும் இச்சொல், நிரலாளர் கொச்சையில், விரிவாக எழுதப்பட்டும் இயக்கிப் பார்க்கப்படாத திட்டத்தை ஏளனம் செய்யும் சொல்லாகிவிட்டது. இயற்பியலிலோ எண்ணத்திலேயே செய்து பார்க்கும் சோதனை என்ற பொருளில் இதற்கு மதிப்பு அதிகம். விண்வெளியில் முடுக்கப்படும் பெட்டிக்குள் நிற்பவரை மனத்தில் நிறுத்தியே ஐன்ஸ்டைன் ஈர்ப்பை ஆராய்ந்தார். அந்தப் பெட்டியை யாரும் செய்து பார்க்கவில்லை. 1936-இல் கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் முன்வைத்த கணக்கிடும் பொறியும் காகிதத்தில்தான் இருந்தது. அவர்களுக்குப் பெருமையாக அமைந்தது எனக்கு மட்டும் வசையாவது எப்படி?

தரமணித் தச்சன்:
டூரிங்கைத் துணைக்கு அழைத்தது உங்களுக்கே எதிராகத் திரும்பும், தம்பி. மற்ற எல்லாப் பொறிகளின் வேலையையும் செய்யவல்ல பொதுப்பொறிக்கு அவர் எழுதிய கட்டளை அட்டவணைகளில் பிழைகள் இருந்தன. தர்க்கவியலாளர் எமில் போஸ்ட் 1947-இல் அவற்றைச் சுட்டிக்காட்டினார். அத்தகைய பொறி இருக்க முடியும் என்பதே டூரிங்கின் வாதம் என்பதால் அது அசையவில்லை. உங்கள் ஆவணம் ஓட வேண்டிய மென்பொருளுக்கானது. அங்கே அட்டவணை தவறினால் எல்லாமே தவறும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், பணம் செலுத்தும் பகுதிக்காக அழகான ஆவணம் ஒன்றை எங்களிடம் தந்தார்கள். இரண்டு பெட்டிகள், நடுவே ஓர் அம்புக்குறி. வரைந்த அம்புக்குறிக்குத் தாமதமும் கிடையாது, துண்டிப்பும் கிடையாது. நடைமுறையில் வங்கியின் பதில் சில நொடிகள் தாமதமானபோது, எங்கள் நிரல் கோரிக்கை தொலைந்துவிட்டதாகக் கருதி மீண்டும் அனுப்பியது. வாடிக்கையாளர் கணக்கில் ஒரே தொகை இருமுறை கழிந்தது. ஒரு கோரிக்கைக்கு ஒரே அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டு வரி அந்த ஆவணத்தில் எங்கும் இல்லை. அரைநாள் செலவிட்டு ஒரு மாதிரி நிரலை ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் வீட்டில் சொல்வதைத்தான் உங்கள் மூத்தவர் ஜெர்மனில் சொல்லியிருக்கிறார்.

நுங்கம்பாக்கத்து மாணவி:
மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிப்பவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். ‘கெடங்கெ’ என்பது ஒருமை, ‘கெடங்கென்’ பன்மை. இரண்டும் பெயர்ச்சொற்களே, தனித்து நின்று ஒன்றை இழிவாகக் குறிக்கும் அடைமொழியாக ஜெர்மானியர் இதைக் கையாளுவதில்லை. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1897-இல் எழுதிய கட்டுரையால் பரவலான ‘கெடங்கென் எக்ஸ்பெரிமென்ட்’ (எண்ணச் சோதனை) என்ற கூட்டுச்சொல்லின் வாலை நிரலாளர்கள் வெட்டிவிட்டார்கள்; வெட்டுப்பட்டது ‘சோதனை’ என்ற பாதி. யோசனையின்றிச் செய்ததைச் சொல்ல ஜெர்மனில் ‘கெடங்கென்லோஸ்’ என்ற சொல் இருக்கிறது. உங்கள் மூத்தவர் ஒருவேளை அதைத்தான் தேடினாரோ என்னவோ.

வேளச்சேரி வாசகன்:
அம்மையாருக்கு நன்றி. தச்சன் ஐயாவின் அம்புக்குறியை ஏற்கிறேன், சுரைக்காயை ஏற்கவில்லை. நம் புறநகர் ரயில் நிற்கும் திருநின்றவூரில் பூசலார் நாயனார் கையில் பொருள் இல்லாமல் மனத்திலேயே சிவனுக்குக் கோயில் எழுப்பினார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். காஞ்சியில் கற்றளி (கற்கோயில்) கட்டிய பல்லவ மன்னர் காடவர் கோனின் கனவில் இறைவன் தோன்றி, அன்று பூசலாரின் கோயிலில் இருப்போம், உன் விழாவை வேறொரு நாளில் வைத்துக்கொள் என்றாராம். கட்டப்படாததெல்லாம் வீண் என்று கருதிய மரபு நம்முடையது அன்று.

தரமணித் தச்சன்:
பூசலார் கோயிலுக்கு இறைவனே சாட்சி சொன்னார். உங்கள் ஆவணத்துக்குச் சாட்சி சொல்லப் போவது யார்? மேலும், அவர் மனத்திலும் தச்சரைத் தேடினார், அடிநிலை இட்டார், நல்ல நாள் பார்த்தார். எந்தப் படியையும் தாண்டிச் செல்லவில்லை. பதினோராம் பக்கத்தில் மறுமுனை பதில் தராவிட்டால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறீர்களா?

வேளச்சேரி வாசகன்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எழுதவில்லை. பதினோராம் பக்கம் என்று எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்? ஐயா, அந்தச் சொல்லை என் ஆவணத்தில் எழுதியவர் நீங்கள்தானா?