இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'நல்ல குடிமகன்' என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது?

வகுப்பறை_வாசல்:
காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். குடியரசு தினம் வருகிறதே என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் உள்ள 11 கடமைகளையும் சார்ட்டில் எழுதி ஒட்டினேன். 'இறையாண்மை' என்று வாசிக்கவே பிள்ளைகளுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது, அதற்குள் கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து "டீச்சர், குடிமகன்னா குடிக்கிறவங்கதானே, எங்க சித்தப்பாவை அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான். வகுப்பே சிரித்தது, என்னாலும் அடக்க முடியவில்லை. ஏழு வயசுப் பிள்ளைகளிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய_சாக்பீஸ்:
முதலில் அந்தச் சார்ட்டைக் கழற்றுங்கள் டீச்சர். 1976இல் சேர்த்தது பத்து. 2002இல் வந்த பதினொன்றாவது, 6 முதல் 14 வயசுப் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்று பெற்றவர்களுக்குச் சொன்னது, அதைப் பிள்ளை எதுக்கு மனப்பாடம் பண்ணணும்? பொதுச்சொத்து, நீர்நிலை, இந்த இரண்டு போதும். ஊருணிக்குக் கூட்டிப்போங்கள். நம்ம பக்கம் ஓட்டில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கி, கால்வாய் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேருகிற மாதிரிதான் பழைய ஆட்கள் ஊரைக் கட்டினார்கள். படியில் உட்காரவைத்து "இது யாருது?" என்று கேளுங்கள். பஞ்சாயத்து என்பார்கள், செட்டியார் வெட்டினது என்பார்கள், அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். (கூட இன்னொரு பெரிய ஆளும் வேண்டும், தண்ணீர் ஓரம், அத்தனையும் வாண்டுகள்.)

பள்ளத்தூர்_ஆச்சி:
எங்கள் நகரத்தார் வழக்கத்தில் கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம், கோயிலுக்குப் புள்ளி வரி கட்ட வேண்டும். வகுப்பில் இருபது பேர் என்றால் இருபது புள்ளி என்று வையுங்கள். புள்ளிக்கு ஒரு வேலை: குழாயை மூடுவது, காலை உணவு முடிந்ததும் தட்டு கழுவுற இடத்தில் சோறு அடைக்காமல் பார்ப்பது.

கண்டனூர்_தம்பி:
ஆச்சி கோவிச்சுக்காதீங்க, எல்லார் வீட்டிலும் புள்ளி கிடையாதே. ஊருணியிலும் ஒரு காலத்தில் எல்லாரும் இறங்கி அள்ள முடியாது. கரையில் குடத்தோடு நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்த கதையை எங்க அப்பத்தா சொல்லும். 'இது எல்லாருக்கும்' என்று சொல்லும்போது அது ஞாபகத்தில் இருக்கட்டும் டீச்சர். வேலைக்கு ஆள் போடுவதை ஓட்டு வைத்துப் பண்ணுங்க. புளியங்கொட்டை போதும்.

பள்ளத்தூர்_ஆச்சி:
சரிதான் தம்பி. புள்ளி என்கிற பேர் வேண்டாம், வேலை இருக்கட்டும்.

வகுப்பறை_வாசல்:
எல்லாருக்கும் நன்றி. ஊருணியில் "யாருது?" என்றதற்கு ஒரு பிள்ளை "வாத்துது" என்றது, அதோடு அன்றைய பாடம் முடிந்தது. அப்புறம் குழாய்க்கு ஆள் போட இரண்டு டப்பா, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. குடிமகன் கேள்வி கேட்டானே, அவன் 11க்கு 9 என்று தோற்று, பையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். ஜெயித்த பொண்ணு மூன்றாம் நாளே குழாயை மறந்துவிட்டாள். மூடினாலும் சொட்டுகிறது என்பது அவள் வாதம், அதுவும் உண்மைதான், வாஷர் போயிருக்கிறது. கீழே ஒரு சொம்பை வைத்தோம், மதிய மணி அடிப்பதற்குள் இரண்டு தடவை நிறைந்தது. 26ஆம் தேதி கிராம சபையில் கொடுக்க மனு தயார்: "கொழாய் ஒழுகுது. சரி பண்ணவும்." இருபது பேரும் பேர் எழுதியிருக்கிறார்கள், இரண்டு பேர் இனிஷியலை மறந்துவிட்டு.

இப்போது புதுச் சிக்கல். தோற்றவன் தினமும் வந்து "டீச்சர், அவளை மாத்துங்க, மறுபடி கொட்டை போடலாம்" என்கிறான். ஒரு மாசம் என்று சொல்லித்தான் ஓட்டே வைத்தேன். நடுவில் மாற்றலாமா?