பிழை என்று மறுநாள் எழுதினால் தோற்றவனுக்கு என்ன லாபம்?

குளத்தடியான், கிளிநொச்சி:
என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கிற அண்ணாமாரிடம் ஒரு கேள்வி. 2023 ஜனவரி, லேக்கர்ஸ் – செல்டிக்ஸ், சமநிலை, கடைசி நொடி, லேக்கர்ஸின் லெப்ரோன் கூடைக்குப் போட எழும்புகிறார், செல்டிக்ஸின் டேட்டம் அவர் கையில் அடித்தது ஃபோனில் பார்த்த எனக்கே தெரிந்தது, ஆனால் விசில் இல்லை. மேலதிக நேரத்தில் லேக்கர்ஸ் 125–121 என்று தோற்றது. முடிந்த பிறகு நடுவரே தவறவிட்டோம் என்று ஒத்துக்கொண்டார், அடுத்த நாள் லீக் விட்ட அறிக்கையிலும் பிழை என்றே வந்தது. வெற்றி மட்டும் மாறவில்லை. பிறகு எதற்கு இந்த அறிக்கை?

வவுனியா விசில்:
தம்பி, அந்த அறிக்கை 2015 மார்ச்சிலிருந்து வருகிறது, ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் இல்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் மூன்று புள்ளிக்குள் வந்தால்தான் (முதலில் ஐந்தாக இருந்தது). ஊதியது சரியா, ஊதாமல் விட்டது சரியா என்று ஒவ்வொன்றாக வீடியோவோடு போடுவார்கள். சரி என்று எழுதியதை எவன் வாசிக்கிறான்! 2007 இல் டிம் டோனகி என்ற நடுவர் சூதாட்டக்காரருக்குத் தகவல் கொடுத்துப் பிடிபட்டு, பிறகு சிறைக்கும் போனார். அப்படி ஒன்று நடந்த லீக் கணக்கைத் திறந்துதான் வைக்க வேண்டும்.

மாங்குளத்தான்:
நான் இங்கே பாடசாலைப் போட்டிகளுக்கு ஊதுகிறவன், அதனால் ஒருபக்கமாகத்தான் கதைப்பேன். முதல் கால்பகுதியில் விட்ட பிழைக்கும் அதே இரண்டு புள்ளிதானே, அதை ஏன் எழுதுவதில்லை? அங்குள்ள நடுவர் சங்கத்துக்கும் இந்த அறிக்கை பிடிக்காது.

எங்களுக்கு வீடியோ ஏது? சீமெந்துத் தரை, பாதி அழிந்த கோடு, ஒரு மேசை, ஒரு புள்ளித்தாள். எங்கள் போட்டியில் ஐந்து பவுல் (விதிமீறல்) ஆனால் ஆள் வெளியே. ஒருமுறை மேசையில் 6 ஆம் இலக்கத்தின் பவுலை 9 ஆம் இலக்கத்துக்கு ஐந்தாவதாக எழுதிவிட்டார்கள், நானும் பார்க்காமல் அந்தப் பொடியனை வெளியே அனுப்பிவிட்டேன். வேப்பமரத்தடியில் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தான். இரவு தாளைத் திரும்பப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. விடிந்ததும் பயிற்றுநர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பிளேன்ரீ தந்தார்.

வவுனியா விசில்:
இதே கூத்து என்பிஏயிலும் நடந்தது! 2007 டிசம்பர், அட்லாண்டா. அங்கே ஆறு பவுலோடுதான் வெளியே. மயாமி அணியின் ஷகீல் ஓ'நீலுக்கு ஐந்து பவுல்தான், மேசையில் ஆறு என்று எழுதி வெளியேற்றிவிட்டார்கள். மயாமி முறையிட்டது, 2008 மார்ச்சில் கடைசி 51.9 வினாடியை மட்டும் திரும்ப ஆட வைத்தார்கள். அதற்குள் ஷகீல் ஃபீனிக்ஸ் அணிக்கே போய்விட்டார், முடிவும் மாறவில்லை. ஆக, மேசைக் கணக்குப் பிழைத்தால் திரும்ப ஆட இடமாவது இருக்கிறது, கண் பிழைத்தால் அறிக்கை மட்டும்தான்.

குளத்தடியான், கிளிநொச்சி:
சரி, விளங்குது. மாங்குளம் அண்ணா, அந்த 9 ஆம் இலக்கப் பொடியன் இப்பவும் விளையாடுகிறானா?

மாங்குளத்தான்:
ஓம். இப்ப 11 ஆம் இலக்கம் போடுகிறான்.