திருப்பி அடுக்கும் செங்கல் ஜாலி: மாதிரிச் சுவரும் கணினி வடிவமும் ஒத்துப்போகவில்லை

கேள்வி:
வணக்கம். 6 மீட்டர் உயர முகப்புக்காக, செங்கற்களைப் படிப்படியாகத் திருப்பி அடுக்கும் ஜாலிச் சுவர் (இடைவெளிகள் விட்டுக் கட்டும் சுவர்) ஒன்றை ரைனோ, கிராஸ்ஹாப்பர் மென்பொருள்களில் வடிவமைத்துள்ளேன். கல் 190 × 90 × 90 மி.மீ.; கலவைக் கனம் 10 மி.மீ.; ஒரே வரியில் (கிடைமட்டக் கல் அடுக்கில்) கற்களின் மையத்துக்கு மையம் 260 மி.மீ.; அதிகபட்சத் திருப்பம் 30 பாகை. தளத்தில் 12 வரிகளுக்கு மாதிரிச் சுவர் கட்டிப் பார்த்தபோது, 1,200 மி.மீ. வரவேண்டிய உயரம் 1,226 ஆக வந்தது. அதைவிடக் கவலை தருவது வேறொன்று: மறுநாள் கொத்தனார், 30 பாகை திரும்பிய கல்லின் வெளிமூலையைக் கட்டைவிரலால் அழுத்தியதும் கல் அசைந்தது. திரையில் எல்லாக் கற்களும் சரியாகவே அமர்ந்திருக்கின்றன. பிழை கல்லிலா, கட்டியதிலா, என் வடிவத்திலா?

மறுமொழி 1:
உயரத்தைப் பொறுத்தவரை கல்லையோ கொத்தனாரையோ குறை சொல்ல இடமில்லை. இவ்வகைக் கற்கள் 20-ஐ அடுக்கி அளந்தால் மொத்த உயரம் 1,760 முதல் 1,840 மி.மீ. வரை இருக்கலாம் என்று செங்கற்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1077 அனுமதிக்கிறது. சராசரி உயரம் 92 மி.மீ. இருந்தாலும் அது தேறிய கல்தான். உங்களுக்கு வரிக்கு ஏறத்தாழ 2.2 மி.மீ. கூடியிருக்கிறது, 60 வரிகளில் அது 130 மி.மீ. ஆகி, ஒரு வரிக்கு மேலேயே விழுங்கிவிடும். எனவே வரி உயரத்தை 100 என்று நிலையாக வைக்காமல், வந்திறங்கிய லோடில் 20 கற்களை அளந்த சராசரியையும் மாதிரிச் சுவரில் அளந்த கலவைக் கனத்தையும் உள்ளீடாகக் கொடுத்து, எத்தனை வரி என்பதை அதிலிருந்து கணக்கிடச் செய்யுங்கள்.

மறுமொழி 2:
அசைவுக்குக் காரணம் வடிவத்தில்தான் இருக்கிறது. மேல்கல் கீழ்க்கல்லின் மையத்திலிருந்து 130 மி.மீ. தள்ளி அமர்கிறது. திருப்பம் இல்லாதபோது ஒவ்வொரு பக்கமும் 60 × 90 மி.மீ. பரப்பு அதைத் தாங்கும். மேல்கல்லும் கீழ்க்கல்லும் ஒரே பக்கமாக 30 பாகை திரும்பினால், தாங்கும் பட்டையின் அகலம் 25 மி.மீ., நீளம் 77 மி.மீ. மட்டுமே, அதுவும் கல்லின் விளிம்பில். கை வேலையில் 3 பாகை கூடிவிட்டால் அகலம் 19-க்கு இறங்கிவிடும். 20 பாகையில் நிறுத்தினால் 45 மி.மீ. கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் ஃபிளேஷ் ஊரில் உள்ள கான்டன்பைன் திராட்சை மது ஆலையில் கற்களை ரோபோ பசையிட்டு அடுக்கியது. அந்தத் துல்லியத்தை வெயிலில் நின்று கட்டும் கையிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. தாங்கும் அகலத்தை ஒவ்வொரு கல்லுக்கும் கணக்கிட்டு, 40 மி.மீ.க்குக் குறைந்தால் சிவப்பாகக் காட்டும்படி வடிவத்தில் சேருங்கள். இறுதிக் கோணத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்த பிறகே உறுதிசெய்யுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 20 கற்களின் மொத்தம் 1,836 மி.மீ. வந்தது, சராசரி 91.8. ஆகவே மீதியுள்ள 0.4 மி.மீ. மட்டுமே கலவையில் கூடியிருக்கிறது. உச்சக் கோணத்தை 20 ஆக்கியதும் சிவப்புக் கற்கள் எல்லாம் மறைந்துவிட்டன. ஒவ்வொரு வரியின் கோணங்களையும் முழு அளவில் அச்சிட்டு, ஒட்டுப்பலகையில் ஒட்டி வெட்டிக் கொத்தனாரிடம் கொடுத்திருக்கிறேன். பலகையை வரியோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கைப்பிடி வேண்டும் என்று அவர் கேட்டார். அதையும் பொருத்திய பிறகு இரண்டாவது மாதிரிச் சுவரைத் தொடங்குகிறோம்.