மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் மட்டும் இருக்கலாமா?

சத்தியவேட்டுக்காரர்:
1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. எங்கள் சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. எங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் நிலப்பத்திரம் தமிழில் இருக்கிறது. அதே நிலத்துக்கு நான் வாங்கிய பட்டா தெலுங்கில் இருக்கிறது. இப்படி எல்லையை மாற்றும் மசோதாவுக்கு, அரசமைப்பின் 3ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தையும் கேட்க வேண்டும். ஆனால் அக்கருத்தை ஏற்றாக வேண்டியதில்லை. 2014 ஜனவரி 30 அன்று ஆந்திர சட்டமன்றம், தெலங்கானாவைத் தனி மாநிலமாக்கும் பிரிவினை மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. பிப்ரவரி 18இல் மக்களவையும் 20இல் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றிவிட்டன. தள்ளிவிடப் போகும் கருத்தை எதற்காகக் கேட்க வேண்டும்?

நகரி வழக்கறிஞர்:
ஐயா, ஒப்புதல் கட்டாயம் என்றிருந்தால் தெலங்கானா பிறந்தே இருக்காது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் 294 சட்டமன்ற இடங்களில் அப்பகுதிக்கு 119 மட்டுமே இருந்தன. பாகப்பிரிவினை கேட்கும் தம்பியைப் பார்த்து, பிரிக்கவே கூடாது என்கிற அண்ணனிடம் கையெழுத்து வாங்கி வா என்று சொல்வது நியாயமா? சட்டமன்றம் பதிலே சொல்லாமல் இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காகத்தான், கருத்துத் தெரிவிக்கக் குடியரசுத் தலைவர் கெடு விதிக்கலாம் என்று 1955இல் ஐந்தாவது திருத்தம் கொண்டுவரப்பட்டது. 2014இல் அந்தக் கெடுவும் ஒரு வாரம் நீட்டிக்கப்பட்டது.

சத்தியவேட்டுக்காரர்:
அண்ணன் கையெழுத்து வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம்; பஞ்சாயத்தாவது ஒழுங்காக நடக்க வேண்டாமா? இத்தகைய சட்டம் அரசமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது என்று 4ஆவது பிரிவு சொல்வதால், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ பாதி மாநிலங்களின் இசைவோ தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநிலங்களவை காப்பாற்றும் என்றால், அமெரிக்க செனட்டில் மாநிலத்துக்கு இருவர் என்று சமமாக இருப்பதுபோல இங்கே இல்லை. உத்தரப் பிரதேசத்துக்கு 31, ஆந்திரத்துக்கு 11. மேலும், 2014இல் மக்களவை வாக்கெடுப்பின்போது நேரலையே நிறுத்தப்பட்டது. நான் கடைத்தெருவில் தொலைக்காட்சி முன் நின்றிருந்தேன். எங்கள் மாநிலம் இரண்டாகும் நேரத்தில் எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை.

புத்தூர் ஆசிரியை:
இருவரும் சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் பற்றியே பேசுகிறீர்கள். எல்லையோரக் கிராமத்தை யார் கேட்டார்கள்? திருத்தணி விவகாரத்தில் படாஸ்கர் என்பவர் இரு மாநிலங்களுக்கும் நடுவராக அமர்ந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்தார். இரு மாநிலங்களும் அதை ஏற்ற பிறகே 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

நகரி வழக்கறிஞர்:
அம்மா சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் அந்த நடைமுறையை 3ஆவது பிரிவு தடுக்கவும் இல்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. நேரலை நின்றது தவறுதான். அது அவையை நடத்தியவர்களின் தவறு, பிரிவின் தவறன்று.

சத்தியவேட்டுக்காரர்:
கட்டாயப்படுத்தவில்லை என்கிறீர்களே, ஐயா, நான் குறை சொல்வதே அதைத்தான். படாஸ்கர் செய்த கிராமவாரிக் கணக்கைச் சட்டமாகவே எழுதி வைத்தால் என்ன நட்டம்?